பழுப்புப் படிகம்

படிகம் பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குப்பியில் விளைந்து கிடக்கிற நூறு படிகங்களில் விளிம்பு கூர்மையாக, முகம் பளபளவென்று இருக்கிற ஒன்றைத்தான் தேடி எடுத்து எக்ஸ்ரே கருவியில் ஏற்றுவார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டார்கூட இவ்வளவு நோட்டம் விடமாட்டார்கள். மிச்சமெல்லாம் கழிவுத் தொட்டிக்குப் போகும். அவலட்சணமான படிகத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பாண்டிச்செல்விக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. தை மாதத்தில் ஒருநாள் ஜெரால்டு ஒரு குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "செல்வி, இதப் பாரேன், அடியில என்னமோ பழுப்பா ஊசி ஊசியா நிக்குது" என்றான். அவள் நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தாள். "கருமம், பாக்கவே சகிக்கல. கொட்டிட்டு வேற போடு" என்றாள். அதோடு மறந்தும் போனாள். ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த காலத்திலிருந்து ஒரே டப்பாவில் சோறு தின்ற சிநேகிதன். கொட்டச் சொன்னால் கொட்டிவிடுவான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ஒத்தக்கடையில், ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரிகிற ஒரு சின்ன ஆய்வகம் அவர்களுடையது. அங்கே இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த சிவப்புப் படிகம்தான் கம்பெனிக்கே சோறு போட்டது. கோபால்ட் உலோகத்தை நடுவில் வைத்துச் செய்த படிகம். காற்றைக் காட்டினால் அதிலிருந்து ஆக்ஸிஜனை மட்டும் இழுத்து வைத்துக்கொள்ளும். லேசாகச் சூடு காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடும். அதைக் கழற்றி மாட்டுகிற ஒரு கேட்ரிட்ஜில் அடைத்து, சின்னப் பெட்டியில் வைத்து, நெஞ்சில் மாட்டி, மூக்குக்கு ஒரு குழாய் விட்டால் ஆயிற்று. சிலிண்டர் வேண்டாம், கட்டிலோடு கிடக்க வேண்டாம். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் மூச்சுப்பெட்டி என்றார்கள். கல் குவாரியில் தூசி தின்று நுரையீரல் கெட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அதை மாட்டிக்கொண்டு எழுந்து நடமாடினார்கள்.

அவர்களில் ஒருவர் செல்வியின் அண்ணன் சோலைமலை. மேலூருக்குக் கிழக்கே ஒரு குவாரியில் இருபது வருஷம் துளை மிஷின் பிடித்தவர். உண்மையைச் சொன்னால், அவர் ஒருவருக்காகத்தான் அவள் இந்தப் படிகத்தின் பின்னால் பைத்தியமாக அலைந்தாள். பெட்டியை முதன்முதலாக மாட்டிய அன்று அவர் அதைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இது எப்படித்தா மூச்சு விடுது?"

"கோபால்ட்டு அணு ஒண்ணு நடுவுல உக்காந்திருக்கும்ணே. அதச் சுத்தி ஆறு இடம். அஞ்சுல ஆளு இருக்கு, ஒண்ணு காலி. ஆக்ஸிஜன் அங்க வந்து உக்காரும், சூடு பட்டா எந்திரிச்சுப் போயிரும்."

"இத்தனையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து அடைச்சுக்காதா?"

"அதுக்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூற விரல் நுனியால பிடிச்சிருக்கும். கெட்டிப் பிடி இல்ல, சும்மா தொட்டுக்கிட்டு. ஆனா அந்தப் பிடிதான் நடுவுல சந்து விட்டு நிறுத்தி வைக்குது. காத்து அந்தச் சந்து வழியாத்தான் போய் வருது."

"விரல விட்டுருச்சுன்னா?"

"அதெல்லாம் விடாதுண்ணே" என்றாள் அவள், பெரிய இவள் மாதிரி.

மனிதர் எழுந்து கண்மாய் வரைக்கும் நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தார். செல்வி தெருவில் நின்று ஓவென்று அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கமெல்லாம் அவளுக்கு இல்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்குப் போவாள். அண்ணனை ஒட்டி உட்கார்ந்து, மதினி ராக்கம்மா ஆக்கிப் போடுகிற கறிக்குழம்பைத் தின்றுவிட்டு, திங்கட்கிழமைக்கு ஜெரால்டுக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வருவாள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. அண்ணன் குளிக்கப் போயிருந்தார். பெட்டி கட்டிலில் கிடந்தது. மதினி அதற்குப் பூப்போட்ட துணியில் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தாள். செல்வி அதைக் கழற்றிப் பார்த்தாள். பெட்டியின் பக்கவாட்டில் விரலகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு, அதன் வழியே படிகம் தெரியும். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது பழைய புளி நிறத்தில் இருந்தது.

"மதினி, இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"எனக்கென்னத்தா தெரியும்? நான் அந்த உறையக் கழத்துறதே இல்ல" என்றாள் மதினி, அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

 மாற்று கேட்ரிட்ஜ் ஒன்று வீட்டிலேயே இருந்தது. செல்வி அதைப் பொருத்தினாள், பழையதைப் பையில் போட்டாள். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "ஏன்த்தா, சாப்பிடாமக் கெளம்புற?" என்றார். "கேட்ரிட்ஜ் பழசாயிருச்சுண்ணே, என்னன்னு போய்ப் பாக்குறேன்" என்று வாசலைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் அதிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்து எக்ஸ்ரே கருவியில் ஏற்றினாள். மதியத்துக்குள் திரையில் படம் வந்துவிட்டது. அதே மூலக்கூறு, அதே கோபால்ட். விரலைத்தான் விட்டிருந்தது. இத்தனை நாளும் பிடித்திருந்த பக்கத்து மூலக்கூறை விட்டுவிட்டு, எதிரே இருந்ததை இழுத்து நெருக்கிப் பிடித்திருந்தது. சந்தெல்லாம் அடைந்துபோய், ஒரு அணு நுழைய இடமில்லை. அதைவிட மோசம், இந்த இறுகிய உருவம்தான் சிவப்பைவிட நிலையானது. இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி பட்டால் போதும், சிவப்பு முழுவதும் இதைப் பார்த்து இதுவாகவே மாறிவிடும். இப்படி ஒன்று உலகத்தில் நடப்பதுண்டு என்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தனக்கு நடக்கும் என்று ஒருத்தரும் நினைப்பதில்லை.

அவள் ஜெரால்டைக் கூப்பிட்டாள். "புது உருவம் ஒண்ணு வந்திருக்கு. இதப் பாரு."

ஜெரால்டு நுண்ணோக்கியில் குனிந்தான். வெகுநேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்ததும், "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டான்.

படிகம் பார்க்கிறவனிடம் புது உருவம் என்று சொல்லுங்கள். வீடு பற்றி எரிந்தாலும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, "செல் என்ன?" என்பதுதான். படிகத்தின் அடிப்படைக் கூட்டுக்கு நீளம் என்ன, அகலம் என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த மூச்சு விடுவான். ஜெரால்டு அதைக் கேட்கவில்லை. அண்ணனைக் கேட்டான்.

"இத எங்கண்ணன் பெட்டியில இருந்து எடுத்தேன்னு நான் சொல்லவே இல்லையே ஜெரால்டு" என்றாள் செல்வி.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான்.

"தையில நீ கொட்டச் சொன்னியே ஒரு குப்பி. அத நான் கொட்டல. அந்தப் பழுப்ப மிஷின்ல ஏத்திப் பாத்தேன். நீ இன்னைக்குப் பாத்ததத்தான் நான் அன்னைக்குப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அதுக்கப்புறம் இங்க சிவப்பு விளையவே இல்ல செல்வி. எந்தக் குப்பியில போட்டாலும் பழுப்புதான். சுவத்துல இருக்கு, ஏசியில இருக்கு, உன் தலைமுடியில என் தலைமுடியில இருக்கு. சிவப்ப ஆலைக்காரங்க பாத்துக்கட்டும், நாம வேற வேலை பாப்போம்னு உன்ன இழுத்துட்டுப் போனது அதுக்குத்தான்."

"ஐயோ, ஆலை?"

"அது ஓசூர்ல இருக்கு. நம்மள்ல ஒருத்தரும் அங்க கால் வச்சதில்ல. நாம முன்னாடி அனுப்புன விதைப் படிகத்த வச்சுத்தான் ஓட்டுறாங்க. அது சுத்தமா இருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சே ஆகணும். இந்தத் தூசி ஆளு மேல ஒட்டிக்கிட்டு ஊரு விட்டு ஊரு போகுமா? பெட்டி காத்த இழுக்குது. வடிகட்டி கல்லுத்தூசிய நிப்பாட்டும், இத நிப்பாட்டுமா? போகாதுன்னா ஒரு பயமும் இல்ல. போகும்னா, நம்ம ஆளுங்க யாருமே பெட்டி மாட்டுனவங்க பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இங்க இருந்து போயி, பெட்டி மாட்டுன ஒருத்தர் பக்கத்துல வாராவாரம் உக்காந்துட்டு வர்றது யாரு செல்வி?"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல சொல்லியிருக்கலாமே ஜெரால்டு."

"சொன்னா என்ன ஆகும்? போகுமா போகாதான்னு தெரியாம, சும்மா பயத்துலயே எல்லாப் பெட்டியையும் அன்னைக்கே திருப்பி வாங்கியிருப்பாங்க. அத்தனை பேரும் மறுபடி கட்டில்ல."

"சரி. என்கிட்ட?"

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ ஊருக்குப் போயிருப்பியா?"

போயிருக்க மாட்டாள். தோல் உரியக் குளித்துவிட்டு மதுரையிலேயே கிடந்திருப்பாள். அது அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷச் சிநேகிதத்தில் அதுகூடவா தெரியாது? தெரிந்ததை வைத்துத்தான் கழுத்தை அறுத்திருக்கிறான்.

"பாவி! என்னைய வச்சே எங்கண்ணன் மேல தூவ விட்டிருக்கியேடா! நான் தோள்ல சாஞ்சு உக்காந்தா அவருக்கு மூச்சு நிக்கும்னு தெரிஞ்சே அனுப்பியிருக்க. திங்கக்கிழமை ஆனா எங்க மதினி குடுத்துவிட்ட குழம்ப வழிச்சு வழிச்சுத் தின்னியே, அது எப்படிடா உனக்கு உள்ள இறங்குச்சு?"

 அவள் அந்தப் பழுப்பு ஊசிகளைப் போட்டு வைத்திருந்த குப்பியை எடுத்துச் சுவரில் ஓங்கி எறிந்தாள். அது உடைந்து பொடி பறந்தது. கட்டடமே அதுவாக இருக்கும்போது இனி எறிந்தால் என்ன, எறியாவிட்டால் என்ன?

அவள் கார் சாவியை எடுத்தபோதுதான் அவன் பேசினான். "போ. ஆனா அண்ணனுக்குக் கிட்டப் போகாத செல்வி."

"நீ சொல்லாத அத" என்றாள்.

வழியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று ஏற்றிக்கொண்டாள். மேலூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டே அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். இடையிடையே அழுகையும் வந்தது. எதிரி செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அம்மா செத்த அன்று பாடை கட்டக் கயிறு வாங்கி வந்தவன் அவன். அவனைப் போய் நம்பாமல் வேறு யாரை நம்பியிருக்க முடியும்? நேற்று மாட்டிய மாற்று கேட்ரிட்ஜும் தன் கையாலேயே கெட்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் காலை இன்னும் அழுத்தினாள்.

அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது. சிலிண்டரை இறக்கப் போனவளை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது. அண்ணனோடு குவாரியில் வேலை பார்த்த அழகு மாமா. ஜன்னல் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது.

"தாயி, கோவிச்சுக்காத. செத்தத் தள்ளி நில்லு. நானும் பெட்டி மாட்டியிருக்கேன்."

 "மாமா, உங்களுக்கு எப்படி...? எங்கண்ணன் எங்க?"

"விடியக்காலையிலயே கண்மாய் பக்கத்து வீட்டுக்கு மாறிட்டாகத்தா. நீ கேட்ரிட்ஜ எடுத்துட்டுப் போனதுமே ஜெரால்டுக்குப் போன் போட்டாக. பழைய துணிமணி எல்லாத்தையும் கொளுத்தியாச்சு."

செல்வி ஓடினாள். வழியில் இரண்டு வீடுகளில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் அவளைத் தூக்கிச் சுமந்த வீடுகள் அவை.

அண்ணன் அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோடி வேட்டி, கோடிச் சட்டை. நெஞ்சில் ஓசூர் ஆலையிலிருந்து நேரே வந்த புதுப்பெட்டி, உறை இல்லாமல். கண்ணாடியில் ரத்தச் சிவப்பு தெரிந்தது. அவள் நெருங்கப் போனாள். அவர் கையைத் தூக்கினார்.

"அங்கனயே நில்லுத்தா."

அவள் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். அவருடைய குரலுக்கு அவள் என்றைக்கும் மீறி நடந்ததில்லை.

"அண்ணே, உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஜெரால்டு தம்பிதான். நீ டெல்லிக்குப் போயிருந்தியே மாசியில, அப்ப வந்தாரு. ஊருக்குள்ள வரல. மெயின் ரோட்டுல நின்னுக்கிட்டு போன்லதான் பேசுனாரு. இன்ன மாதிரி இன்ன மாதிரி, உங்களுக்கு வேணாம்னா சொல்லிருங்கண்ணே, இப்பவே செல்விகிட்ட சொல்லி நிறுத்திடுறேன்னாரு. நான்தான் சரின்னேன்."

"சரின்னீங்களா?"

"பின்னே? என்கூடத் துளை போட்ட பயலுக அத்தனை பேரும் மாட்டியிருக்கானுக. தூசி தொத்துதான்னு எவனாவது ஒருத்தன் பாத்துத்தான ஆகணும்? எனக்கு ஒரு சிலிண்டரு அனுப்பிவிட்டாரு. பெட்டி கெட்ட பொறகு சிலிண்டருதான், நீ வர்றப்ப மட்டும் பெட்டிய மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை ஆனா பயலுக எல்லாரையும் வெளியூருக்குப் பத்திவிட்டுருவேன்."

"அப்ப ஊருக்கே தெரியும். மதினிக்கும் தெரியும்."

"தெரியும்த்தா."

"அவன் ஒரு வார்த்த சொல்லலையே, நீங்க சம்மதிச்சீங்கன்னு. நான் அவன அந்தப் பேச்சுப் பேசிட்டு வந்தேனே."

"நான்தான் சொல்ல வேணாம்னேன். திட்டுனா அந்தத் தம்பியத் திட்டிட்டுப் போகட்டும். எம்மேல நீ கோவப்பட்டா எனக்குத் தாங்காது."

செல்விக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். ஜெரால்டு கேட்க வேண்டியவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறான். ஆனால் ஆறவில்லை, இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள், மதினியிடம் சொல்லியிருக்கிறார்கள், அழகு மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. யாரையும் கேட்காமல் விடவில்லை, அவள் ஒருத்தியைத் தவிர. தூசியை யாராவது கேட்பார்களா?

"இனிமே நான் வரக்கூடாது. அப்படித்தான?"

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்தார்.

"வேலைய விட்டுர்றேன்ணே. மொட்டை போட்டுக்கிறேன். காரு, துணி எல்லாத்தையும் கொளுத்திட்டு வர்றேன்."

"செய்யி. செஞ்சா எத்தனை நாளைக்கப்புறம் வரலாம்?"

அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாசமா, ஐந்து வருஷமா, உலகத்தில் யாருக்கும் தெரியாது. நகக்கண்ணில் ஒரு பொடி தங்கியிருந்தாலும் போதும். ஆலைப் பெட்டியைக் கழற்றிவிட்டு அவர் மறுபடி சிலிண்டரோடு கட்டிலில் கிடந்தால் அவள் வரலாம். அதைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கண்மாய் வரை அவர் நடந்துபோனது ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. அந்த நுரையீரலில் இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"போன்ல பேசிக்கிருவோம்த்தா. மூஞ்சி பாத்தே பேசலாமாமே" என்றார்.

"அது பழுப்பானது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"பதினஞ்சு நாளைக்கு மேல இருக்கும். சொன்னதுமே தம்பி பதறிட்டாரு. இனி ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது, செல்விகிட்டச் சொல்லிர்றேன்னாரு. நான்தான் அவரு கால்ல விழாத குறையா, இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம மட்டும் குடுங்க தம்பின்னு கேட்டு வாங்கினேன்."

"ரெண்டு ஞாயித்துக்கெழம எதுக்குண்ணே?"

"பாத்துக்கிடத்தான்." அவர் சிரிக்கப் பார்த்தார். "பொறகு எப்பப் பாக்குறதோ. அதான் பக்கத்துல உக்காத்தி வச்சு நல்லாப் பாத்துக்கிட்டேன். எனக்கு அது போதும்த்தா."

முந்தின ஞாயிறு அவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அவர் சொன்னதற்கெல்லாம் உம் கொட்டிக்கொண்டே சாயங்காலம் வரை ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். நேற்று சாப்பிடக்கூட இல்லை.

"உங்களுக்குத் தெரியும், பாத்துக்கிட்டீங்க" என்றாள் செல்வி. தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் கண்ணீரில் சரியாகத் தெரியவில்லை. "எனக்கு யாரும் சொல்லலையேண்ணே. நான் உங்களப் பாக்கவே இல்லையே."